பன்னிரண்டு படங்களில் ஒரு கட்டைவிரல்

அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. ஊருக்கு அவர் கிளாம்பு மேடம். நகராட்சியில் கட்டட ஆய்வாளர், இருபத்தாறு வருஷ சர்வீஸ், சற்றே கனத்த உடம்பு, எந்நேரமும் கையில் ஒரு அளவு நாடா. வீடு கட்டிக்கொண்டிருக்கிற எவரும் மேடத்தை எதிரே கண்டால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவார்கள்.

கிளாம்பு என்பது ஒரு முழம்கூட வராத வளைந்த இரும்புத் தகடு. எட்டுத் துளை இருக்கும். நாலு துளையில் ஆணி அடித்துக் கூரை மரத்தோடு சேர்க்க வேண்டும். மீதி நாலில் போல்ட் போட்டுச் சுவரோடு இறுக்க வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒன்று, சராசரி வீட்டுக்கு இருபத்து நாலு. அவ்வளவுதான் சமாசாரம். ஆனால் இதை ஜனங்களுக்குப் புரியவைப்பதற்குள் மேடத்துக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"கூரைதான் அவ்வளவு கனமா இருக்கே மேடம், அது எங்க போயிடப்போவுது?" என்பார்கள். மேடம் உடனே ஒரு காகிதத்தை உதட்டுக்குக் கீழே பிடித்து அதன் மேல்பக்கமாக ஊதுவார். தொங்கிய காகிதம் மேலே எழும்பும். "பாத்தீங்களா? காத்து கூரையத் தள்ளாது, தூக்கும். விழாம இருக்கணும்னு எல்லாரும் வீடு கட்டறீங்க. பறக்காம இருக்கணும்னு யாராவது கட்டறீங்களா?" இந்தக் காகித வித்தையை அவர் பஸ் நிறுத்தத்தில் செய்து காட்டியிருக்கிறார், டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது செய்து காட்டியிருக்கிறார், ஒரு தடவை துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் செய்து காட்டியிருக்கிறார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு புயல் வந்து ஊரில் நாற்பது கூரைகளைக் கழற்றிக்கொண்டு போனது. அதற்கு அப்புறம்தான் மேலிடத்துக்கு ஞானம் பிறந்து சட்டம் வந்தது. புதிதாகக் கட்டுகிறவர்கள் கிளாம்பு அடித்தே ஆக வேண்டும். பழைய வீட்டுக்காரர்களை மிரட்ட முடியாது, ஆசை காட்டித்தான் வழிக்குக் கொண்டுவர முடியும். ஆகவே, அடித்தவர்களுக்கு ஐந்து வருஷம் வீட்டு வரியில் பாதி தள்ளுபடி. கூடவே வாசலில் மாட்டிக்கொள்ள ஒரு நீலத் தகடு. அதில் 'காற்றைத் தாங்கும் வீடு' என்று எழுதியிருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்க வேண்டும், நீலத் தகடு இருக்கிற வீட்டுக்காரர்கள் மட்டும் வீட்டிலேயே இருக்கலாம்.

தள்ளுபடியைவிட ஜனங்களுக்குக் கண் அந்தத் தகட்டின் மேல்தான். பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் அடுத்த வீட்டுக்காரரின் குறட்டையைக் கேட்டுக்கொண்டு, ஒரே கழிப்பறைக்கு எண்பது பேர் வரிசையில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தகட்டின் அருமை தெரியும். மேடம் குடியிருந்த தெருவில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். டவுன் பஸ் ஓட்டுகிறவர், கறாரான மனிதர், ஒரு நிமிஷம் தாமதமாக ஓடி வருகிறவர்களை ஏற்றிக்கொள்ளவே மாட்டார். அவர் தகடு கைக்கு வருவதற்கு முன்பே வீட்டின் முன்சுவர் முழுவதற்கும் தகட்டுக்குப் பொருத்தமாக வெளிர்நீலப் பெயிண்ட் அடித்துவிட்டுக் காத்திருந்தார்.

மேடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம். தலைமைப் பொறியாளரின் மச்சான் வீட்டில் இரண்டு ஆணி குறைகிறது என்று தகடு தர மறுத்தவர். அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு பலவீனம். பல்லி. கூரைக்கும் அதன் கீழே உள்ள உட்கூரைக்கும் நடுவில் இருக்கிற பரணில் ஏறினால்தான் கிளாம்பு கண்ணுக்குத் தெரியும். அங்கே பல்லிகள் குடும்பம் குடும்பமாக வாழ்கின்றன. இருபத்தாறு வருஷமாக மேடம் இதை முட்டிவலி என்று சொல்லிச் சமாளித்துவந்தார். திட்டம் வந்து விண்ணப்பங்கள் குவிந்தபோது, வேலைப்பளுவைக் காரணம் காட்டித் தலைமைப் பொறியாளருக்கு ஒரு குறிப்பு எழுதினார். அடித்த கிளாம்பின் படம் ஒன்றும், இருபத்து நாலும் வாங்கியதற்குக் கடை ரசீதும் கொடுத்தால் போதும், நேரில் ஏறிப் பார்க்க வேண்டியதில்லை என்று விதி மாறியது. அன்றைக்கு மேடம் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மேடத்தின் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார். ரொம்ப நல்ல மனுஷர், அதுதான் அவரிடம் உள்ள ஒரே தொந்தரவு. யாராவது வாசலில் நின்று "சார், ஒரு சின்ன உதவி" என்றால், என்ன உதவி என்று கேட்பதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொள்வார். ஊருக்கு உபதேசம் செய்கிற மனைவியின் வீட்டில் கிளாம்பு இல்லாமல் இருக்கலாமா என்று, தச்சருக்குக்கூடக் காத்திருக்காமல் தானே பரணில் ஏறி இருபத்து நாலையும் அடித்துமுடித்தார். பக்கத்து ஊர் ஆய்வாளர் வந்து ஏறிப் பார்த்துத் தகடு கொடுத்துவிட்டுப் போனார். ஆணிகளில் பெரும்பாலானவை மரத்தில் இறங்கின. ஒரு அடி மட்டும் வாத்தியாரின் இடது கட்டைவிரலில் இறங்கியது. மஞ்சள் பூப் போட்ட பழைய தலையணை உறையைக் கிழித்து மேடம்தான் கட்டுப் போட்டுவிட்டார்.

இது நடந்து மூன்று மாதம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மேடம் மேஜையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விண்ணப்பங்களில் படங்களை ஒட்டி அடுக்குகிற டைப்பிஸ்ட் ஒரு படத்தை நீட்டினாள்.

"மேடம், இதப் பாருங்களேன். நல்லவேளை, முழுசா குணமாயிடுச்சு."

"என்னது குணமாயிடுச்சு?"

"விரல் மேடம். அந்தத் தச்சரோட கட்டைவிரல். மொதல்ல பெரிய கட்டு. அப்புறம் சின்ன பிளாஸ்திரி. அப்புறம் நகம் கறுத்துப்போய், விழுந்து, பாவம், பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. இப்ப புது நகம் முளைச்சிடுச்சு. ஒவ்வொரு வாரமும் படம் வரும்போது மொதல்ல விரலத்தான் பாப்பேன்."

மேடம் படத்தை வாங்கிப் பார்த்தார். கூரை மரம், கிளாம்பு, எட்டுத் துளையிலும் எட்டுப் பிடிப்பு, எல்லாம் கச்சிதம். படத்தின் ஓரத்தில் லேசாக மங்கி ஒரு கட்டைவிரல். போன் பிடிக்கத் தெரியாதவர்கள் எடுக்கும் படத்தில் வருகிற விரல். அதன் ஓரத்தில் பச்சை வர்ணம் காய்ந்திருந்தது.

மேடம் கையைக் கழுவினார். டப்பாவை மூடினார். "இதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் எடு" என்றார். அவர் தெருவிலிருந்து வந்த விண்ணப்பங்கள் மொத்தம் பன்னிரண்டு. தேதி வரிசையில் மேஜையில் பரப்பினார். முதல் படத்தில் விரலைச் சுற்றிய துணியில் மஞ்சள் பூ. பன்னிரண்டிலும் தன் வீட்டுப் பரணில் இருக்கிற ஒரே மரம், ஒரே கிளாம்பு. ஒரு தடவை இடப்பக்கம் இருந்து, ஒரு தடவை கீழே இருந்து, ஒரு தடவை வெளிச்சத்தை மாற்றி. ஓவியம் கற்றுக்கொடுத்த கை அல்லவா, ஒன்றுபோல ஒன்று இருக்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறது. பன்னிரண்டில் பதினொன்றுக்கு மேடம் கையெழுத்துப் போட்டு, தகடும் போய்விட்டது. டைப்பிஸ்டுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. அவர் கிளாம்பைப் பார்த்தார், விரலைப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ரேடியோவில் அறிவிப்பு வந்தது. கடலில் புயல் உருவாகியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலை கரையைக் கடக்கும். மேடம் கணக்குப் போட்டார். வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். பதினொரு குடும்பம், வாசலில் தன் கையெழுத்துப் போட்ட தகட்டை நம்பி, ஒரு ஆணிகூட அடிக்காத கூரைக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்திருக்கப்போகிறது.

வீட்டுக்குப் போனபோது வாத்தியார் ஒரு வாளிக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். மேடம் பன்னிரண்டு படங்களையும் அவர் முன்னால் வைத்தார்.

"என்னங்க இது?"

வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஆறாவது கொஞ்சம் கலங்கிப்போச்சு" என்றார்.

"எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

"எல்லாரும் கிளாம்பு வாங்கி வச்சுட்டாங்கம்மா, ஏமாத்தல. தச்சர் வரல. பன்னெண்டு வீட்டுக்கும் ஒரே தேதி குடுத்திருக்கான், ஒரு வீட்டுக்கும் வரல. விண்ணப்பத்துக்குக் கடைசி நாளோ வந்துகிட்டே இருக்கு. எப்படியும் அடிக்கத்தானே போறாங்க, படத்த மட்டும் முன்கூட்டிக் குடுத்தா என்னன்னு கேட்டாங்க. எல்லாம் ஒரே கடைல வாங்கின ஒரே கிளாம்பு. உன் கிளாம்புக்கும் அவங்க கிளாம்புக்கும் என்ன வித்தியாசம், சொல்லு?"

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லலியே!"

"சொன்னா நீ வேண்டாம்னு சொல்லுவியே" என்றார் வாத்தியார், உலகத்திலேயே நியாயமான காரணத்தைச் சொல்கிற மாதிரி.

மேடம் அன்றைக்கு வீடே அதிரக் கத்தியிருக்க வேண்டும். கத்தத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் ஒரு பல்லி சுவரில் ஓடியது, அவர் தன்னையறியாமல் இரண்டு அடி பின்னால் போனார். அங்கேயே நின்றுவிட்டார். படம் எடுத்தது இவர் என்றால், படம் போதும் என்று விதி எழுதியது யார்? இந்தக் கேள்வி வந்ததும் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை வாத்தியார் மேல் காட்டினார்.

புதன்கிழமை காலை முதல் வேலையாகத் தலைமைப் பொறியாளரிடம் போய் ஒன்று விடாமல் சொன்னார். பல்லியையும் சொன்னார். பொறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உங்கள சஸ்பெண்ட் பண்ணணும் தெரியுமா?"

"தெரியும் சார்."

"ஆனா புயல் வருது. இப்ப ஒரு ஆள் குறைஞ்சா நான் எங்க போவேன்? திங்கக்கிழமை ஞாபகப்படுத்துங்க."

"என்னை சஸ்பெண்ட் பண்ண நானே ஞாபகப்படுத்தணுமா சார்?"

"இந்த ஆபீஸ்ல உங்களத் தவிர வேற யாருக்கு எது ஞாபகம் இருக்கு?"

அங்கிருந்து நேராகத் தெருவுக்கு வந்தார், கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். ஒவ்வொரு வாசலாகப் போய்த் தகட்டைக் கழற்றினார். பட்டப்பகலில், வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அன்றைக்கு அந்தத் தெருவில் மேடம் வாங்கிய பேச்சை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. மருந்துக்கடைக்காரர் இனி அவருக்கு மாத்திரை தரப்போவதில்லை என்றார். டியூஷன் டீச்சர், பிள்ளைகளுக்கு முன்னால் தன்னை அவமானப்படுத்திவிட்டதாகச் சொல்லி அழுதாள். "உங்க வீட்டுக்காரர்தான மேடம் எடுத்துக் குடுத்தாரு?" என்று எல்லாரும் கேட்டார்கள். "ஆமா, அவருதான். கையெழுத்துப் போட்டது நான்தான். ரெண்டும் தப்பு" என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். "கிளாம்ப எங்க வச்சிருக்கீங்க? காட்டுங்க."

காட்டினார்கள். அதைப் பார்த்தபோதுதான் மேடத்துக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. மருந்துக்கடைக்காரர் வீட்டில் இரண்டு கிளாம்பு கதவு மூடாமல் தடுத்துக்கொண்டிருந்தன. டியூஷன் டீச்சர் அலமாரியில் புத்தகங்கள் சாயாமல் முட்டுக்கொடுத்திருந்தாள். ஒரு வீட்டில் அதன் மேல் போனைச் சாய்த்துவைத்துச் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் செருப்புச் சேற்றைச் சுரண்ட. அந்த இரும்புத் தகட்டால் ஒரு வீட்டில் என்னென்ன செய்யலாமோ அத்தனையும் செய்திருந்தார்கள், கூரையில் அடிப்பதைத் தவிர.

பஸ் டிரைவர் வீட்டில்தான் ஒரே ஒரு கிளாம்பு முறையாகப் பொருத்தப்பட்டிருந்தது. வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவரில், எட்டுத் துளையிலும் எட்டு ஸ்க்ரூ, சாவி மாட்ட. மற்ற இருபத்து மூன்றும் கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டியில் இருந்தன. டிரைவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"தகட்டத் தொட்டீங்க, நடக்கறதே வேற."

"நடக்கறது வேறதான் சார், அதனாலதான் தொடறேன்" என்று மேடம் முதல் ஸ்க்ரூவைத் திருகினார். ஸ்க்ரூ துருப்பிடித்து மக்கர் பண்ணியது. நெம்பி இழுத்ததில் தகட்டோடு ஒரு கை அகலத்துக்கு வெளிர்நீலப் பெயிண்டும் பேர்ந்து வந்தது. டிரைவர் அந்த இடத்தைப் பார்த்தார். அப்புறம் தெருமுனை வரைக்கும் கேட்கும்படி திட்டினார். அந்தத் திட்டில் மேடம், மேடத்தின் உத்தியோகம், வாத்தியார், வாத்தியாரிடம் ஓவியம் படித்த பிள்ளைகள் உட்பட ஒருவரும் தப்பவில்லை. "இனி உங்க வீட்டு ஆளுங்க ஒருத்தரும் என் வாசப்படி மிதிக்கக்கூடாது. கிளாம்பும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்று கதவைச் சாத்தினார்.

ஞாயிறு காலைக்கு மூன்றரை நாள் இருந்தது. தச்சர் போனை எடுக்கவே இல்லை. மேடம் வாத்தியாரைக் கூப்பிட்டு அவர் கையில் சுத்தியலைக் கொடுத்தார். "எத்தன வீட்டுக்குப் படம் எடுத்தீங்களோ, அத்தன வீட்டுக்கும் அடிங்க."

வாத்தியார் சுத்தியலை வாங்கிக்கொண்டார். அடுத்த வீடு அடுத்த வீடாக ஏறினார். முதல் நாள் தெரு வேடிக்கை பார்த்தது. இரண்டாம் நாள், அறுபது வயசு மனுஷர் பரணில் குனிந்தபடி தனியாக ஆணி அடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் மருந்துக்கடைக்காரர் ஏணியைப் பிடித்தார். கோபம் தீர்ந்துவிட்டதாக யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காக முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். டியூஷன் டீச்சர் ஆணிகளை நாலு நாலாகப் பிரித்துக் கொடுத்தாள். சுவரில் போல்ட்டுக்குத் துளை போட ஆள் இல்லாமல் தவித்தபோது, பன்னிரண்டாவது விண்ணப்பத்துக்காரரான பல் டாக்டர் கோட்டைக் கழற்றிவிட்டு வந்து டிரில் மெஷினை வாங்கிக்கொண்டார். துளை போடுவதில் அவருக்கு முப்பது வருஷப் பழக்கம். ஒவ்வொரு தடவையும் சுவரைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் "வலிக்காது, ஒரு நிமிஷம்தான்" என்று சொல்லிவிட்டே ஆரம்பித்தார். கிளினிக்கில் சொல்வதைவிட இங்கே அது உண்மையாக இருந்தது.

அடித்தது சரியா என்று பார்க்க வேண்டிய ஆள் மேடம். இந்தத் தடவை படம் கிடையாது. முதல் வீட்டின் பரண் வாசலில் தலையை நீட்டிய மாத்திரத்தில் ஒரு பல்லி அவர் மணிக்கட்டின் மேல் விழுந்தது. மேடம் போட்ட கூச்சலில் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் ஏணியை விட்டுவிட்டு ஓடிவிட்டார். ஐந்து நிமிஷம் மேடம் கண்ணை மூடிக்கொண்டு அந்தரத்தில் நின்றார். கீழே இறங்கிவிடலாம், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் இறங்கினால், இத்தனை கூத்தும் எதற்கு? மேலே ஏறினார். ஒவ்வொரு கிளாம்பையும் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஆடியதைத் திரும்ப அடிக்கச் சொன்னார். நாலாவது வீட்டில் பல்லியைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஏழாவது வீட்டில் "ஏய், தள்ளிக்கோ, வேலை இருக்கு" என்று அதட்டினார். பல்லியும் தள்ளிக்கொண்டது.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பல் டாக்டர் வீட்டோடு சேர்த்துப் பதினொரு வீடு முடிந்தது. வாத்தியாருக்கு இப்போது இரண்டு கட்டைவிரலிலும் கட்டு. தலையணை உறை தீர்ந்துபோய் மெத்தை விரிப்பைக் கிழிக்க வேண்டியிருந்தது. மேடம் பதினொரு வீட்டிலும் தகடு மாட்டினார். மிச்சம் இருந்தது டிரைவர் வீடு. கதவைத் தட்டினார்.

"சார், இன்னும் ரெண்டு மணி நேரம் வெளிச்சம் இருக்கு. எல்லாரும் வரோம். அடிச்சுடலாம்."

"தேவையில்ல" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

"அப்ப நாளைக்குக் காலைல பள்ளிக்கூடத்துக்குப் போயிடணும். தகடு இல்ல."

மேடம் ஜன்னல் வழியாக டிரைவர் சம்சாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் இரண்டு பக்கமும் இரண்டு பெண்குழந்தைகள். "அக்கா, நான் சொன்னா கேக்க மாட்டாரு" என்று அவள் கண்ணாலேயே சொன்னாள். "சட்டம் சொன்னா கேட்டுதான ஆவணும்?" என்று மேடம் ஜன்னலைப் பார்த்துச் சத்தமாகவே சொல்லிவிட்டு நகர்ந்தார். நகர்ந்தாரே தவிர, மனசு அந்த வீட்டு வாசலிலேயே நின்றது.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தெருமுனையில் பஸ் வந்து நின்றது. ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிற பஸ். ஓட்டுகிறவர் நம் டிரைவரேதான்; நகராட்சி உத்தரவு. தகடு இல்லாத வீட்டுக்காரர்களை ஏற்ற வேண்டியது அவர் வேலை. அவருடைய தெருவில் தகடு இல்லாத வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தன் சம்சாரத்தையும் குழந்தைகளையும் தானே ஏற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், வழக்கம்போல ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் கிளம்பினார்.

ஒன்பது மணிக்குக் காற்று வந்தது. மேடம் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். கூரை முனகியது, முறுகியது, இதோ எழுந்துவிடுகிறேன் என்றது. எழவில்லை. "இருநூத்து அறுபத்து நாலு கிளாம்பு" என்று மேடம் முணுமுணுத்தார். "அதுல ஒண்ணு விட்டாகூட என் உசிரு போயிடும்." வாத்தியார் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "ஆடினத எல்லாம் நீதான் திரும்ப அடிக்க வச்சியே" என்றார். பதினோரு மணி சுமாருக்கு எங்கோ பக்கத்தில் ஒரு பெரிய சத்தம் கேட்டது. யாரோ ராட்சசத் துணியைக் கிழிக்கிற மாதிரி. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். வாத்தியார் வலியில் "ஐயோ, விரல்" என்றார்.

மதியம் மூன்று மணிக்கு மேடம் தெருவில் இறங்கினார். பதினொரு கூரையும் இருந்த இடத்தில் இருந்தது. பன்னிரண்டாவதான டிரைவர் வீட்டுக் கூரை பல் டாக்டர் வீட்டுத் தோட்டத்தில் கவிழ்ந்து கிடந்தது.

டிரைவர் குடும்பம் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வாசலில் நின்றுகொண்டிருந்தது. சனிக்கிழமை கதவை உடைத்தாவது உள்ளே போய் அடித்திருக்க வேண்டும் என்று மேடம் நினைத்தார். டிரைவர் அவரைப் பார்த்தார்.

"உள்ள வாங்க மேடம்" என்றார்.

உள்ளே என்று சொல்ல அங்கே நாலு சுவர்தான் இருந்தது. மேலே வானம். படுக்கை அறையில், குழந்தைகள் இரண்டு பேரும் நடுவில் தாயும் படுக்கிற கட்டிலின் குறுக்கே கூரையின் பெரிய மரம் ஒன்று விழுந்து கட்டிலை இரண்டாகப் பிளந்திருந்தது. கட்டிலுக்கு அடியில் இருபத்து மூன்று கிளாம்பும் நனைந்த அட்டைப் பெட்டியில் பத்திரமாக இருந்தன. வாசலோரச் சுவரில் இருபத்து நாலாவது கிளாம்பு அசையாமல் நின்றது. அதில் வீட்டுச் சாவி மாட்டியிருந்தது.

டிரைவர் ரொம்ப நேரம் அந்தக் கட்டிலையே பார்த்தார். சின்னக் குழந்தையின் தலையில் கை வைத்தார், எடுக்கவில்லை.

"அன்னைக்கு உங்களத் திட்டினேனே மேடம். அதுல பாதிய வாபஸ் வாங்கிக்கறேன்."

மேடத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. இருந்தாலும் அவர் ஆய்வாளர், பாதி என்றால் பாதி எங்கே என்று கேட்காமல் இருக்க முடியாது. "மீதி?" என்றார்.

"மீதி, பெயிண்டப் பேத்தீங்களே, அதுக்கு."

இரண்டு பேரும் முன்சுவரைப் பார்த்தார்கள். புயல் கூரையை எடுத்துக்கொண்டு போயிருந்தது, ஜன்னலை எடுத்துக்கொண்டு போயிருந்தது. வெளிர்நீலப் பெயிண்டில் ஒரு பொட்டைக்கூடத் தொடவில்லை. மேடம் பேர்த்த அந்த ஒரு கை அகலம்தான் மொட்டையாக இருந்தது. டிரைவர் சம்சாரம் முதலில் சிரித்தாள், அப்புறம் உட்கார்ந்து அழுதாள். மேடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து அழுதார். கூரை போடும் வரை நாலு பேரும் மேடத்தின் வீட்டில்தான் இருந்தார்கள். டிரைவர் வாத்தியாரின் வாசற்படியை முதல் தடவை மிதிக்கும்போது கொஞ்சம் தயங்கினார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை மேடம் பொறியாளருக்கு ஞாபகப்படுத்தினார். அவர் இடைநீக்கத்தைக் கண்டனமாகக் குறைத்து, படத்தை வைத்துச் சான்றிதழ் தரும் விதியை ரத்து செய்து, இனி ஆய்வாளர் ஒவ்வொரு பரணிலும் நேரில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். உத்தரவின் வாசகத்தை எழுதிக் கொடுத்ததே மேடம்தான். டைப்பிஸ்ட் ரொம்ப வருத்தப்பட்டாள். வாத்தியாரின் வலது விரல் என்ன ஆயிற்று என்று அவளுக்கு இனி எப்படித் தெரியும்?

மூன்று மாதம் கழித்து டிரைவர் வீட்டுக்குப் புதுக் கூரை வந்தது. இந்தத் தடவை தச்சர் வந்தார். டிரைவர் அவரை வீட்டிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வேலை முடிந்த அன்றைக்கு மேடம் அளவு நாடாவோடு வந்து நின்றார். ஏணியைச் சாய்த்துக் கொடுத்துவிட்டு டிரைவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"இருபத்து நாலையும் தனித்தனியா படம் எடுத்து வச்சிருக்கேன் மேடம். மேல பல்லி வேற நிறைய இருக்கு. படம் போதாதா?"

"போதாது" என்று சொல்லிவிட்டு மேடம் ஏணியில் ஏறினார்.